முழுத் தளத்தையும் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடுவது: எது முதலில், எது கடைசியில்

தளத்துக்கு வரும் எல்லோரையும், திறந்த வழியான எச்டிடிபியிலிருந்து குறியாக்கம் செய்த (நடுவில் யாரும் படிக்க முடியாத) எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிடும் கட்டளை ஒரே ஒரு வரிதான். எழுத அரை நிமிடம் ஆகும். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, "தளமே திறக்கமாட்டேங்குது" என்று பதறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரியில் பிழை இருக்காது. அதைச் சேர்த்த நேரம்தான் தப்பு. சான்றிதழ் (இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் கோப்பு) அரைகுறையாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே எல்லோரையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால், வருகிறவர்கள் பார்ப்பது பிரவுசரின் எச்சரிக்கைப் பக்கத்தை மட்டும்தான்.

அதனால் கீழே உள்ள படிகளை ஒரு கணக்கு வைத்து அடுக்கியிருக்கிறேன். எளிதில் பின்வாங்க முடிகிற வேலை முதலில் வரும். பின்வாங்கவே முடியாத வேலை கடைசியில் வரும். ஒரு படி சரியாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். சின்னத் தளம் என்றால் முதல் ஏழு படிகள் ஒரே மாலையில் முடிந்துவிடும். மீதிக்குச் சில வாரங்கள் வேண்டும்.

1. தொடங்குமுன் எழுதிவைக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் தளத்துக்கு உள்ள பெயர்களை எல்லாம் எழுதுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர், வலைப்பூவுக்கு ஒரு துணைப்பெயர், படங்களுக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வரும். டிஎன்எஸ் (தளப் பெயரைச் சர்வரின் எண் முகவரியோடு இணைக்கும் பட்டியல்) பதிவுகளைத் திறந்து பார்த்து எழுதுவதுதான் நல்லது. நினைவிலிருந்து எழுதினால் ஒன்றாவது விட்டுப்போகும்.

டிஎன்எஸ் திறந்திருக்கும்போதே ஐபிவி6 (புதிய வகை எண் முகவரி) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஏ என்று எழுதப்படும் பதிவு அது. சர்வர் மாற்றியபோது ஐபிவி4 முகவரியை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தவர்கள் உண்டு. அப்புறம் சான்றிதழ் வாங்கும்போது சரிபார்ப்பு பழைய சர்வருக்குப் போய்த் தோற்கும். உங்கள் கணினி ஐபிவி4 வழியாகப் போவதால் உங்களுக்கு எல்லாம் நன்றாகத் திறக்கும். காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது.

அடுத்தது, இந்தப் பட்டியலிலேயே முக்கியமான கேள்வி: குறியாக்கம் எங்கே முடிகிறது? பிரவுசர் நேராக உங்கள் சர்வரோடு பேசுகிறதா, இல்லை நடுவில் சிடிஎன் (பக்கங்களின் நகலை வருகிறவருக்கு அருகிலிருந்து தரும் சேவை), லோடு பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்வது), ரிவர்ஸ் பிராக்சி (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுப்பது) ஏதாவது நிற்கிறதா? நடுவில் ஒன்று நின்றால், பிரவுசரோடு குறியாக்கத்தில் பேசுவது அதுதான். உங்கள் சர்வருக்கு அது சாதாரண எச்டிடிபியில் செய்தியைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆறாம் படியில் வரும் முடிவில்லாச் சுழலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மனிதர்கள் தவிர வேறு யார் உங்கள் தளத்தை அழைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மொபைல் செயலி, பணம் செலுத்தும் சேவை அனுப்பும் அறிவிப்பு, வேறொரு தளத்தின் கணக்கு வழியாக உள்நுழையும் வசதி, இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் போன்றவை. பிரவுசர் திருப்பிவிட்ட இடத்துக்குச் சொன்னபடி போகும். இவற்றில் பல போகாது.

கடைசியாக பேக்கப். சர்வர் அமைப்புக் கோப்புகளுக்கு ஒன்று, டேட்டாபேசுக்கு ஒன்று. நான்காம் படியில் டேட்டாபேசில் கை வைக்கப்போகிறோம்.

2. சான்றிதழ் வாங்குதல்

இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பெரும்பாலான தளங்களுக்குப் போதும். காசு கொடுத்து வாங்கினால் குறியாக்கம் இன்னும் பலமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே பூட்டுதான். ஹோஸ்டிங் பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் வசதி உங்களுக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சொந்த சர்வர் என்றால் சர்ட்பாட் போன்ற கருவி வேண்டும்.

முதல் படியில் எழுதிய பெயர்கள் அனைத்தும் சான்றிதழில் இருக்க வேண்டும். "டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயரை எப்படியும் மற்றதற்குத் திருப்பிவிடப் போகிறேன், அதற்கு எதற்குச் சான்றிதழ்?" என்று கேட்பார்கள். திருப்பிவிடும் பதிலை அனுப்புவதற்கு முன்பே குறியாக்க இணைப்பு ஏற்பட்டாக வேண்டும். அந்தப் பெயர் சான்றிதழில் இல்லையென்றால் இணைப்பு அங்கேயே நின்றுவிடும். உங்கள் திருப்பிவிடும் வரி ஓடவே ஓடாது.

எல்லாத் துணைப்பெயர்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் வேண்டுமென்றால், அதாவது நட்சத்திரக் குறி போட்டது, டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவைச் சேர்த்துத்தான் உரிமையை நிரூபிக்க வேண்டும். மற்றவற்றுக்கு 80-ஆம் போர்ட் (எச்டிடிபி வரும் வாசல் எண்) வழியாக ஒரு சின்னக் கோப்பைக் காட்டினாலே போதும்.

முயற்சி தோற்றால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒரே பெயர்த் தொகுதிக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் லெட்ஸ் என்கிரிப்ட் தரும். தோற்ற சரிபார்ப்புகளுக்கும் மணிக்கு இத்தனை என்று தனி வரம்பு உண்டு. பழகிப்பார்க்க அவர்களே ஒரு ஒத்திகைச் சூழல் வைத்திருக்கிறார்கள். முதலில் அதில் ஓட்டிப்பாருங்கள்.

சான்றிதழ்க் கோப்பைச் சர்வரில் குறிப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. கருவி தரும் கோப்புகளில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்றில் உங்கள் சான்றிதழ் மட்டும் இருக்கும். இன்னொன்றில் அதோடு இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்து முழுச் சங்கிலியாக இருக்கும். முழுச் சங்கிலியைத்தான் கொடுக்க வேண்டும். தனிச் சான்றிதழைக் கொடுத்தாலும் பல கணினி பிரவுசர்கள் விட்டுப்போன கண்ணியைத் தாங்களே தேடி எடுத்துக்கொண்டு பச்சைக்கொடி காட்டிவிடும். கட்டளைவரிக் கருவிகளும் பல மொபைல் செயலிகளும் அப்படிச் செய்யாது. "எனக்குத் திறக்கிறதே, அவருக்கு ஏன் திறக்கவில்லை?" என்ற கேள்விக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் பதில்.

3. புதுப்பித்தலை இப்போதே ஒத்திகை பார்த்தல்

இதைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் வழக்கம். நான் இங்கேயே வைக்கிறேன். எச்டிடிபிஎஸ்-க்கு மாறிய பிறகு சான்றிதழ் காலாவதியானால் தளம் மூடியதற்குச் சமம். மாறுவதற்கு முன் அது வெறும் சின்னத் தொல்லைதான்.

லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த மின்னஞ்சலும் 2025-இல் நின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கினாலும் இனி தப்ப முடியாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. நாள்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கிற காலம் முடிந்துவிட்டது.

சர்ட்பாட்டில் புதுப்பித்தலை ஒத்திகையாக ஓட்டும் வசதி உண்டு. அதை இப்போது ஒருமுறை ஓட்டுங்கள். எட்டாம் படிக்குப் பிறகு மறுபடி ஓட்ட வேண்டும். காரணத்தை அங்கே சொல்கிறேன்.

புதிய சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் சர்வரை ரீலோடு செய்யும் கட்டளை தானாக ஓடுமாறு சேர்த்துவிடுங்கள்.

4. எச்டிடிபிஎஸ் தளத்தைத் தனியாக ஓடவிட்டு, கலப்பு உள்ளடக்கத்தைக் களைதல்

இப்போது எச்டிடிபிஎஸ்-க்கான 443-ஆம் போர்ட்டில் தளம் திறக்க வேண்டும். 80-ஆம் போர்ட்டும் பழையபடி ஓடட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த நிலைதான் வேலை செய்ய வசதியானது. வருகிறவர்கள் பழைய வாசல் வழியாகவே வந்துபோவார்கள். நீங்கள் புது வாசலில் நிதானமாக மராமத்து பார்க்கலாம். தளமே திறக்கவில்லை என்றால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். 443 மூடியிருக்கும். சர்வருக்குள் ஒரு ஃபயர்வால், ஹோஸ்டிங் பலகையில் இன்னொன்று என்று இரண்டு இருக்கலாம்.

பக்கம் திறந்ததும் பிரவுசரின் டெவலப்பர் கன்சோலைத் திறந்துவையுங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ் வழியாக வந்திருக்கும். அதற்குள் ஒரு ஸ்கிரிப்டையோ ஸ்டைல் கோப்பையோ எச்டிடிபி முகவரியில் அழைத்திருப்பீர்கள். இதுதான் கலப்பு உள்ளடக்கம். பிரவுசர் அதைத் தடுத்துவிடும். ஏனென்றால் ஒரு ஸ்கிரிப்டை வழியில் மாற்ற முடிந்தால் பக்கம் முழுவதையும் மாற்ற முடிந்த மாதிரிதான். படங்கள் விஷயத்தில் சற்று இளக்கம் உண்டு. சில பிரவுசர்கள் தாங்களே எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றி முயற்சி செய்யும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

படிவங்களின் போய்ச்சேரும் முகவரியைத் தனியாகத் தேடிப் பாருங்கள். உள்நுழைவுப் படிவம் எச்டிடிபி முகவரிக்கு அனுப்புமாறு எழுதப்பட்டிருந்தால், சர்வர் பிறகு திருப்பிவிட்டாலும் கடவுச்சொல் அதற்குள் திறந்த வழியில் போய்விட்டது. திருப்பிவிடுதல் அடுத்த கோரிக்கையைத்தான் காக்கும். அனுப்பிவிட்டதைக் காக்காது. இந்த ஒன்று மனதில் பதிந்தால் இந்த வேலையில் பாதி புரிந்த மாதிரி.

உங்கள் தளத்துக்குள்ளேயே உள்ள இணைப்புகளைச் சாய்கோட்டில் தொடங்கும் முகவரிகளாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது. வேர்ட்பிரஸ் மாதிரி டேட்டாபேசில் முழு முகவரியைச் சேமிக்கும் தளம் என்றால், முதலில் அமைப்புகளில் உள்ள இரண்டு தள முகவரிகளையும் மாற்றுங்கள். பிறகு பழைய பதிவுகளுக்குள் இருக்கும் முகவரிகளை மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டேட்டாபேசில் நேரடியாகத் தேடி மாற்றும் கட்டளையைப் போடாதீர்கள். பிளக்இன்களும் தீம்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் விதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை பைட் என்ற எண்ணும் கூடவே எழுதப்பட்டிருக்கும். எச்டிடிபி எச்டிடிபிஎஸ் ஆகும்போது ஓர் எழுத்து கூடுகிறது. எண் பழையபடியே நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் அந்த அமைப்பு முழுதும் படிக்க முடியாமல் போகும். விட்ஜெட்டுகள் காணாமல் போய்விட்டன என்று அழைத்தவர்கள் செய்தது இதைத்தான். வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவியில் உள்ள தேடி மாற்றும் வசதி இந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். அதற்கும் ஒத்திகை உண்டு. எத்தனை இடம் மாறப்போகிறது என்று பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள்.

ஆயிரக்கணக்கான பழைய பக்கங்கள், எல்லாவற்றையும் உடனே திருத்த முடியாது என்றால், பாதுகாப்பற்ற கோரிக்கைகளை உயர்த்து என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரு ஹெடர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரி) இருக்கிறது. உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை ஹெடரின் ஒரு பகுதி அது. கைத்தடி மாதிரி வைத்துக்கொள்ளலாம். வெளித்தளம் எதற்காவது எச்டிடிபிஎஸ்ஸே இல்லையென்றால் அந்தக் கோப்பு வரவே வராது.

5. முதலில் தற்காலிகத் திருப்பல்

சரி, இப்போதுதான் அந்த ஒரு வரி. ஆனால் அதில் எழுதும் பதில் எண் 301 அல்ல, 302.

301 என்றால் நிரந்தரம். பிரவுசர் அதை நம்பி நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை உங்கள் சர்வரைக் கேட்காமலேயே தாவிவிடும். நீங்கள் தப்பாகத் திருப்பிவிட்டு ஐந்து நிமிடத்தில் திருத்தினாலும், அந்த ஐந்து நிமிடத்தில் வந்தவர்களின் பிரவுசரில் தப்பு தங்கிவிடும். அவர்கள் கேச்சை அழிக்கச் சொல்லி நீங்கள் கேட்க முடியாது. 302 அப்படி ஒட்டிக்கொள்ளாது. வரியை எடுத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

உங்கள் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் 80-ஆம் போர்ட்டுக்குத் தனியாக ஒரு சர்வர் தொகுதி வையுங்கள். அதற்குள் ரிட்டர்ன் கட்டளை, 302 என்ற எண், எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கும் முகவரி. முகவரியில் ஹோஸ்ட் மாறியும் ரெக்வெஸ்ட் யூஆர்ஐ மாறியும் வர வேண்டும். இரண்டாவது மாறிதான் பாதையையும் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும் சுமந்து செல்கிறது. அதை விட்டுவிட்டால் எந்தப் பக்கத்துக்கு வந்தாலும் முகப்புக்குத் தள்ளிவிடும். யாரோ எங்கோ கொடுத்திருந்த ஆழ்ந்த இணைப்புகள் எல்லாம் பாழ். ஒரே தொகுதியில் இரண்டு போர்ட்டையும் வைத்து நிபந்தனை போடுவதை நான் செய்வதில்லை. தனித்தனியாக இருந்தால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரிகிறது. மாற்றியதும் அமைப்புச் சோதனையை ஓட்டி, பிழை இல்லை என்று அது சொன்ன பிறகே ரீலோடு செய்யுங்கள்.

அப்பாச்சி சர்வர் மென்பொருளில் முதன்மை அமைப்புக் கோப்பைத் தொட அனுமதி இருந்தால், 80-ஆம் போர்ட்டின் விர்ச்சுவல் ஹோஸ்டில் ரீடைரக்ட் கட்டளை ஒன்றே போதும். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் அந்த அனுமதி இருக்காது. எச்டிஅக்சஸ் கோப்பில் ரீரைட் விதி எழுத வேண்டியிருக்கும். அங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, விதியை வேர்ட்பிரஸ் தானாக எழுதும் பகுதிக்குக் கீழே போடுவது. அதற்கு மேலே உள்ள விதி பெரும்பாலான பக்கக் கோரிக்கைகளை முதலிலேயே பிடித்து இன்டெக்ஸ் கோப்புக்கு அனுப்பிவிடுவதால் அவற்றில் உங்கள் விதிக்கு வேலையே வராது. அந்தப் பகுதிக்கு உள்ளே எழுதினால் வேர்ட்பிரஸ் ஒருநாள் அழித்து எழுதிவிடும். மேலே, வெளியே எழுதுங்கள். இன்னொன்று, திருப்பிவிடும் கொடியில் எண் குறிப்பிடாமல் விடுவது. அப்போது அது 302 ஆகத்தான் போகும். இன்றைக்கு நமக்கு அது சரிதான். எட்டாம் படியில் எண்ணைச் சேர்க்க மறந்தால் சரியில்லை.

ஒரே இடத்தில் மட்டும் திருப்பிவிடுங்கள். சிடிஎன் பலகையில் ஒன்று, சர்வரில் ஒன்று, பிளக்இன் ஒன்று என்று மூன்றும் சேர்ந்தால், பிழை வரும்போது எது செய்தது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

6. முடிவில்லாச் சுழல் வந்தால்

"அதிகமுறை திருப்பிவிடப்பட்டது" என்று பிரவுசர் சொன்னால் பயப்பட வேண்டாம். என்ன நடக்கிறது என்பது தெளிவானது. பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் சிடிஎன்னிடம் கேட்கிறது. சிடிஎன் உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் கேட்கிறது. உங்கள் சர்வர், "அடடா, எச்டிடிபியில் வந்திருக்கிறார், எச்டிடிபிஎஸ்-க்குப் போகட்டும்" என்று திருப்புகிறது. பிரவுசர் மறுபடி சிடிஎன்னிடம் போகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

நல்ல தீர்வு, சிடிஎன்னுக்கும் சர்வருக்கும் நடுவிலும் குறியாக்கம் வைப்பது. கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன் சேவையில் ஃப்ளெக்சிபிள் என்ற அமைப்பு சர்வருக்கு எச்டிடிபியில் பேசும். ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்பது எச்டிடிபிஎஸ்ஸில் பேசி, சான்றிதழையும் சரிபார்க்கும். பின்னதற்கு மாற்றினால் சுழல் நிற்பதோடு, பாதி வழி திறந்து கிடப்பதும் நிற்கும்.

உள்வலையில் இருக்கும் பிராக்சி, நடுவில் எச்டிடிபிதான் என்று முடிவு செய்திருந்தால், வந்தவர் முதலில் எப்படி வந்தார் என்பதைப் பிராக்சி ஒரு ஹெடரில் சொல்லும். எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ என்பது அதன் பெயர். திருப்பிவிடும் நிபந்தனை இதைப் பார்க்குமாறு மாற்றுங்கள். ஜாங்கோ, லாரவெல், எக்ஸ்பிரஸ் போன்ற நிரல் சட்டகங்களில் எந்தப் பிராக்சியை நம்பலாம் என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. பிராக்சியைத் தாண்டி யாரும் நேராகச் சர்வருக்கு வர முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த ஹெடரை நம்புங்கள். நேராக வர முடிந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பொய்யாக எழுதி அனுப்பலாம்.

7. எட்டுத் திக்கும் சோதித்தல்

வழக்கமாகப் பயன்படுத்தும் பிரவுசரில் சோதிக்காதீர்கள். அது பழையதை நினைவில் வைத்திருக்கும். கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியை ஹெடரை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டுவதுதான் நம்பகமானது. எந்த எண் வந்தது, எங்கே போகச் சொன்னது என்று இரண்டும் பச்சையாகத் தெரியும்.

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது இரண்டோடும் பெருக்கினால் நான்கு நுழைவாயில். நான்கும் ஒரே முகவரியில் போய் முடிய வேண்டும். முகப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஆழத்தில் உள்ள ஒரு பக்கம், கேள்விக்குறிக்குப் பின் தேடுசொல் உள்ள ஒரு முகவரி, ஒரு படம், இல்லாத ஒரு பக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். தமிழ் எழுத்துள்ள முகவரி இருந்தால் அதை அவசியம் பாருங்கள். சில ரீரைட் விதிகள் ஏற்கெனவே விழுக்காட்டுக் குறியீடாக மாற்றிய எழுத்தை இன்னொரு முறை மாற்றிவிடும். போய்ச்சேர்ந்த முகவரியில் விழுக்காட்டுக் குறிக்குப் பின் 25 என்ற எண் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

எத்தனை தாவல் ஆகிறது என்றும் எண்ணுங்கள். எச்டிடிபியிலிருந்து அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்கு ஒன்று, அங்கிருந்து நீங்கள் விரும்பும் பெயருக்கு இன்னொன்று. இரண்டு சரி. ஒரே தாவலில் முடித்துவிடலாமே என்று தோன்றும். பத்தாம் படிக்காக நான் இரண்டாகவே வைக்கச் சொல்கிறேன். அந்தப் படியில் பேசப்போகும் ஹெடர், ஒவ்வொரு பெயரும் தன் எச்டிடிபிஎஸ் முகத்தை ஒருமுறையாவது பிரவுசருக்குக் காட்டினால்தான் அந்தப் பெயருக்குப் பதியும்.

முதல் படியில் குறித்துவைத்த மனிதரல்லாத அழைப்பாளர்களை இப்போது ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். பணம் செலுத்தும் சேவையில் பதிந்த அறிவிப்பு முகவரி, பிற கணக்கு வழி உள்நுழைவில் பதிந்த திரும்பும் முகவரி இரண்டையும் அந்தந்தப் பலகையில் போய் எச்டிடிபிஎஸ் ஆக மாற்ற வேண்டும். திருப்பிவிடுதல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், பணம் வந்திருக்கும், ஆர்டர் மட்டும் "நிலுவை" என்றே நிற்கும்.

8. நிரந்தரமாக்குதல்

302-இல் சில நாள் ஓடட்டும். பிழைப் பதிவுகளில் புதிதாக எதுவும் தலைதூக்கவில்லை என்றால் 301 ஆக மாற்றுங்கள். தேடுபொறிகளுக்கும் இது தெளிவான செய்தி. பழைய முகவரிக்கு இருந்த மதிப்பைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளும்.

படிவங்கள், ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) அழைப்புகள் உள்ள இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 301, 302 இரண்டிலும் போஸ்ட் (தரவை அனுப்பும்) முறையில் வந்த கோரிக்கையைப் பிரவுசர் கெட் (பக்கத்தை மட்டும் கேட்கும்) முறையாக மாற்றிவிடும். அனுப்பிய தரவு வழியிலேயே உதிர்ந்துவிடும். முறையும் தரவும் மாறாமல் போக வேண்டும் என்றால் 308. அதன் தற்காலிக இணை 307.

ஏபிஐ விஷயத்தில் என் கருத்து வேறு. அங்கே திருப்பிவிடவே வேண்டாம். எச்டிடிபியில் வந்தால் பிழை கொடுத்து மறுத்துவிடுங்கள். திருப்பிவிட்டால் அழைப்பவரின் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் ரகசியச் சாவி முதலில் திறந்த வழியில் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. மறுத்தால் நிரல் முதல் நாளே உடையும், எழுதியவர் முகவரியைத் திருத்துவார்.

இப்போது மூன்றாம் படியின் ஒத்திகையை மறுபடி ஓட்டுங்கள். 80-ஆம் போர்ட்டில் சரிபார்ப்புக் கோப்பைக் கேட்கும் கோரிக்கையும் இனி திருப்பிவிடப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் அதைப் பின்தொடர்ந்து வரும், அது பிரச்சினை இல்லை. ஆனால் எச்டிடிபிஎஸ் பக்கம் அந்தக் கோப்புறை வேறு இடத்தைச் சுட்டினாலோ, செயலி அதை மறித்துப் பிழை கொடுத்தாலோ புதுப்பித்தல் தோற்கும். 90 நாளில் காலாவதியாகும் சான்றிதழில் இது தெரியவரும்போது எதை மாற்றினோம் என்பதே மறந்துபோயிருக்கும். அந்தக் கோப்புறையை மட்டும் திருப்பிவிடுதலிலிருந்து விலக்கிவைப்பது நிம்மதி.

9. குக்கீயும் தேடுபொறியும்

உள்நுழைவுக் குக்கீகளில் செக்யூர் கொடியைச் சேருங்கள். அது இல்லாத குக்கீயை, யாராவது எச்டிடிபி இணைப்பைத் தட்டிய கணத்திலேயே, திருப்பிவிடுதலுக்கு முன் பிரவுசர் திறந்த வழியில் அனுப்பிவிடும். இந்தக் கொடியை இதற்கு முன் சேர்த்திருந்தால் எச்டிடிபி பக்கத்தில் யாராலும் உள்நுழைய முடியாமல் போயிருக்கும். அதனால்தான் இந்த இடம்.

தளவரைபடத்திலும், பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கெனானிக்கல் குறிப்பிலும் எச்டிடிபிஎஸ் முகவரி இருக்கட்டும். கெனானிக்கல் பழைய முகவரியைக் காட்ட, சர்வர் புதிய முகவரிக்குத் திருப்ப, இரண்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும் தளங்களை அடிக்கடி பார்க்கிறேன். கூகுள் சர்ச் கன்சோலில் முழு டொமைனாகச் சேர்க்காமல் முகவரியாகச் சேர்த்திருந்தால், எச்டிடிபிஎஸ் முகவரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். முகவரி மாற்றக் கருவி இதற்குத் தேவையில்லை.

10. ஹெச்எஸ்டிஎஸ்: திரும்பி வர முடியாத படி

இவ்வளவு செய்தும் ஓர் இடுக்கு பாக்கி. ஒருவர் முகவரியை எச்டிடிபியில் தட்டினால் முதல் கோரிக்கை திறந்த வழியில்தான் போகிறது. நடுவில் இருப்பவர் நீங்கள் அனுப்பும் 301-ஐ விழுங்கிவிட்டு, போலிப் பக்கத்தைக் காட்டலாம். "இந்தப் பெயருக்கு இத்தனை நொடிகள் வரை எச்டிடிபியில் பேசவே பேசாதே" என்று பிரவுசருக்குச் சொல்லும் ஹெடர்தான் ஹெச்எஸ்டிஎஸ். அதன் விதிகள் 2012-இல் ஆர்எஃப்சி 6797 ஆக வெளிவந்தன.

எச்டிடிபிஎஸ் பதிலில் அனுப்பினால்தான் பிரவுசர் இதை மதிக்கும். எச்டிடிபியில் வந்தால் கண்டுகொள்ளாது. ஒருமுறை பதிந்துவிட்டால், சான்றிதழில் பிழை வரும்போது "பரவாயில்லை, தொடர்" என்ற வாய்ப்பையும் பிரவுசர் எடுத்துவிடும். நீங்களே உள்ளே போக முடியாது.

அதனால் நொடிக் கணக்கைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் 300, அதாவது ஐந்து நிமிடம். ஒன்றும் உடையவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு 604800. பிறகு ஒரு மாதத்துக்கு 2592000. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் காலம் முழுதும் கழியட்டும். வலைப்பக்கங்களில் கிடைக்கும் மாதிரி வரியில் எடுத்தவுடன் ஓராண்டு, இரண்டாண்டு என்று இருக்கும். அதை அப்படியே ஒட்டாதீர்கள். பின்வாங்க வேண்டும் என்றால் பூஜ்யம் என்று அனுப்பலாம்தான். ஆனால் அதையும் செல்லுபடியாகும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் அனுப்ப முடியும், வந்தவர் மறுபடி வந்தால்தான் போய்ச்சேரும்.

துணைப்பெயர்களையும் சேர்க்கும் சொல்லைப் போடுமுன் முதல் படியின் தாளை எடுங்கள். உள்வலையில் மட்டும் எச்டிடிபியில் ஓடும் ஒரு கருவி, பிரிண்டர் பக்கம், பழைய சோதனைத் தளம் எல்லாம் அந்த டொமைனின் கீழ் இருந்தால் ஒரே நாளில் மூடிவிடும்.

என்ஜின்எக்ஸில் ஹெடரைச் சேர்க்கும்போது கடைசியில் ஆல்வேஸ் என்ற சொல்லைச் சேருங்கள். இல்லையென்றால் பிழைப் பக்கங்களில் ஹெடர் வராது. லொக்கேஷன் தொகுதி ஒன்றில் வேறு ஹெடர் ஏதாவது சேர்த்திருந்தால், வெளியே எழுதிய ஹெடர்கள் அந்தத் தொகுதிக்குள் வழக்கமாக வராமல் போகும். அங்கேயும் மறுபடி எழுத வேண்டும்.

பிரவுசர்களுக்குள்ளேயே உங்கள் டொமைனைப் பதித்துவிடும் ப்ரீலோடு பட்டியல் என்று ஒன்று உண்டு. அதற்கு நொடிக் கணக்கு குறைந்தது 31536000, துணைப்பெயர்கள் அனைத்தும் உள்ளே, ப்ரீலோடு என்ற சொல், எச்டிடிபியிலிருந்து முதலில் அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பல், இவ்வளவும் வேண்டும். ஏழாம் படியில் இரண்டு தாவல் என்றது இதற்கும்தான். சேர்வது எளிது. வெளியேற விண்ணப்பித்தால், மாற்றம் எல்லோரின் பிரவுசருக்கும் போய்ச்சேர மாதங்கள் ஆகும். வங்கி, மருத்துவப் பதிவு போன்றவற்றைக் கையாளும் தளம் என்றால் சேருங்கள். ஒரு வலைப்பூவுக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

11. 80-ஆம் போர்ட்டை மூடாதீர்கள்

எல்லாம் முடிந்ததும் சிலர் உற்சாகத்தில் 80-ஐ ஃபயர்வாலில் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் பழைய இணைப்பில் வருகிறவருக்குத் திருப்பல் கிடைக்காது, தளமே இல்லை என்றுதான் தெரியும். 80 வழியாகச் சரிபார்க்கும் சான்றிதழ்ப் புதுப்பித்தலும் நின்றுவிடும். அந்தப் போர்ட் திறந்தே இருக்கட்டும், அதன் ஒரே வேலை திருப்பிவிடுவது.

அதற்கு மட்டும் தனிப் பதிவுக் கோப்பு வைத்து, மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேடுபொறி ரோபோக்களும் கண்ட இடத்தில் முட்டிப்பார்க்கும் ஸ்கேனர்களும்தான் நிறைய இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். ஒரே ஐபியிலிருந்து, ஒரே பாதைக்கு, கடிகாரம் மாதிரி வரும் கோரிக்கை தெரிந்தால் அது யாரோ மறந்துபோன ஸ்கிரிப்ட். சில சமயம் நாமே எழுதி மறந்தது. அதற்குள் கடவுச்சொல் ஏதாவது இருந்தால் முகவரியோடு கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.